கேனரிக்கு ஆக்சிஜன் எங்கே?

கடல் மட்டம் உயர்வதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது துவாலு, கிரிபாட்டி போன்ற தீவு நாடுகளின் பெயர் வந்தால், பின்னாலேயே ஒரு பறவையும் வந்துவிடுகிறது. 'நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரி.' எல்லோருக்கும் வரப்போகும் ஆபத்தில் முதல் அடி வாங்குபவர்கள் என்று பொருள். பரிவோடு சொல்வதாகத்தான் தெரியும். ஆனால் சுரங்கத்தில் நடந்ததில் பாதியை அந்தத் தொடர் விழுங்கிவிட்டது.

1896இல் வேல்ஸில் உள்ள டைலர்ஸ்டவுன் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டார்கள். அதை ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பெரும்பாலானோரின் உயிரைக் குடித்தது வெடிப்பல்ல, அதன்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டறிந்தார். நிறமோ மணமோ இல்லாத நச்சுவாயு அது. வேகமாக மூச்சுவிடும் சிறு உயிர்களை அது மனிதர்களைவிட முன்னதாகத் தாக்கும். அதனால்தான் சுரங்கத்துக்குள் கேனரி போனது. பறவை தள்ளாடினால் ஆட்கள் வெளியேற வேண்டும்.

அதற்கென்று செய்த கூண்டு ஒன்று உண்டு. முன்பக்கம் வட்டக் கதவு, அதற்குள் கம்பிவலை, மேலே கைப்பிடிபோலச் சின்ன ஆக்சிஜன் உருளை. பறவை மயங்கியதும் கதவை இறுக மூடி வால்வைத் திறந்துவிடுவார்கள். அது தெளிந்து எழும். தொழிலாளர்கள் அவற்றோடு சீட்டியடித்துப் பேசினார்கள், செல்லப்பிராணியாகவே நடத்தினார்கள். 1986இல் பறவைக்குப் பதிலாக மின்னணுக் கருவி வருவதாக அறிவிப்பு வந்தபோது, பிரிட்டிஷ் சுரங்கங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட கேனரிகள் பணியில் இருந்தன.

இந்தப் பெயரே ஊர் சுற்றி வந்ததுதான். கேனரித் தீவுகளிலிருந்து வந்ததால் பறவைக்கு அந்தப் பெயர். தீவுக்கோ, நாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். போலீஸிடம் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பவனும் ஆங்கிலக் கொச்சையில் கேனரிதான். முதல் உலகப் போரில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் டிஎன்டியைக் கையாண்டு தோல் மஞ்சளித்துப்போன பெண்களையும் 'கேனரிப் பெண்கள்' என்றே அழைத்தார்கள். கல்லீரல் கெட்டுச் சிலர் இறந்தும்போனார்கள். நச்சேறிய உடம்புக்கு இப்படியொரு செல்லப்பெயர் வைத்தது கொடுமை.

மென்பொருள் துறையில் இந்தச் சொல் ஓரளவு நேர்மையாகப் பிழைத்திருக்கிறது. புதிய பதிப்பை முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பதற்குக் 'கேனரி வெளியீடு' என்று பெயர். கோளாறு தெரிந்தால் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுவார்கள். அறிகுறியைப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை.

தீவு மக்களைக் கேனரி என்று எழுதும் கைகள் அந்த ஆக்சிஜன் உருளையையும் எழுத வேண்டும். பருவநிலைப் பாதிப்புகளை ஈடுசெய்ய ஒரு நிதியம் அமைப்பதென்று 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அதிலிருந்து துவாலுவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, வாக்களித்துவிட்டுத் தராத நாடுகள் எவை? உவமைக்கு அடுத்த வரியில் செய்தியாளர் தர வேண்டிய தகவல் இதுதான்.