பிளாட்டினம் கட்டடமும் ஒரு அட்டைப்பெட்டியும்

ஒரு வாரமா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம்னு நினைச்சுக்காதீங்க மக்களே. ஜலதோஷம். அதுவும் சென்னையில, மே மாசத்துல, ஆபீஸ் குளிர் தாங்காம! போன்ல சொன்னா அம்மா நம்பவே மாட்டேங்கறாங்க.

முன்னாடி எங்க ஆபீஸ் அண்ணா சாலைக்குப் பின்னாடி ஒரு பழைய கட்டடத்துல இருந்துச்சு. புறா எச்சம், பஸ் சத்தம், அடிக்கடி மக்கர் பண்ற லிஃப்ட். ஆனா திறக்கிற ஜன்னல் இருந்துச்சு, தலைக்கு மேல ஃபேன் இருந்துச்சு, அதுக்கு ரெகுலேட்டரும் இருந்துச்சு. அப்புறம் ஓஎம்ஆர்ல ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறினோம். வாசல்லயே 'பசுமைக் கட்டடம், பிளாட்டினம்'னு ஒரு பலகை. முதல் நாள் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டதுல நானும் ஒருத்தன் :)

இப்ப நிலவரம்: எங்க டீம்ல 14 பேர். அஞ்சு பேர் ஸ்வெட்டர். மதியம் மூணு மணிக்கு மேற்குப் பக்கக் கண்ணாடியில வெயில் கண்ணைக் குத்தும். உடனே திரையை இறக்குவோம், இருட்டாயிடும், லைட்டைப் போடுவோம். சூரிய வெளிச்சத்துக்குன்னு வச்ச கண்ணாடி, பட்டப்பகல்ல டியூப்லைட்!

ஏசி காத்து நேரா விழற இடத்துல உக்காந்திருந்த பொண்ணு, ஏழு மாச கர்ப்பிணி. 22 டிகிரி தாங்கல, 25 வைங்கன்னு மூணு தடவை மெயில் போட்டாங்க. 'சென்ட்ரல் கன்ட்ரோல் மேடம், மாத்த முடியாது'ன்னு பதில். கடைசியில ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அந்த ஓட்டையில டேப் போட்டு ஒட்டினோம். மறுநாள் காலையில அட்டை போயிருந்துச்சு. பதிலுக்கு எல்லாருக்கும் ஒரு மெயில்: இப்படிச் செய்யறது சான்றிதழ் விதிகளுக்கு விரோதமாம்.

இதைச் சொன்னா ஒரு நண்பர் கேக்கறார், "வெளியில கொத்தனார் வெயில்ல காயறான், உனக்கு ஏசி குளிருதுன்னு புலம்பலா?" நியாயமான கேள்விதான். ஆனா அண்ணே, அந்த ஏசி உள்ள இருக்கிற சூட்டை எங்க கொண்டுபோய் கொட்டுது? அதே கொத்தனார் நிக்கிற தெருவுலதான். எங்களை நடுங்க வைக்கிற மெஷின்தான் அவரையும் வேக வைக்குது. இது சொகுசு கேக்கறவன் புலம்பல் இல்லை.

சரி, என் ஜலதோஷத்தை விடுங்க. 2013-ல அல்டொமான்ட்டே, ஷியாவோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பெர்க்லி பல்கலைக்கழகம் சேர்த்து வச்சிருந்த கருத்துக்கணிப்பை அலசினாங்க. 144 கட்டடம், அதுல 65 லீட் சான்றிதழ் வாங்கினது, 21,477 பேர். சான்றிதழ் இருக்கிற கட்டடத்துல உக்காந்தவங்களுக்கும் இல்லாததுல உக்காந்தவங்களுக்கும் திருப்தியில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. காத்து விஷயத்துல பசுமை கொஞ்சம் மேல், வெளிச்ச விஷயத்துல கொஞ்சம் கீழ். அவ்ளோதான்.

உடனே 'பசுமைக் கட்டடமே டுபாக்கூர்'னு கிளம்பறவங்களுக்கும் ஒரு குட்டு. 2015-ல வெளியான ஆய்வுக்காக ஹார்வர்டு குழு 24 பேரை சிராக்யூஸ்ல ஒரு சோதனை அலுவலகத்துல உக்கார வச்சுப் பாத்துச்சு. காத்துல ரசாயன ஆவி குறைஞ்ச 'பசுமை' நாட்கள்ல அவங்க முடிவெடுக்கிற திறன் மதிப்பெண் 61% அதிகம். நம்ம ஊர்லயே இன்னொரு உதாரணம்: 2011-ல இன்ஃபோசிஸ் ஹைதராபாத்ல ஒரே கட்டடத்தை ரெண்டு பாதியாக் கட்டினாங்க. ஒரு பாதியில வழக்கமான ஏசி, இன்னொரு பாதியில குளிர்ந்த தண்ணி ஓடற குழாயை தளத்துக்குள்ள புதைச்சாங்க. ரெண்டாவது பாதிக்கு குளிரூட்டற மின்சாரத்துல மூணுல ஒரு பங்கு மிச்சம். ஆக, ஒழுங்கா செஞ்சா நடக்கும்.

இந்தியாவோட முதல் பிளாட்டினம் கட்டடம் எது தெரியுமா? ஹைதராபாத்ல இருக்கிற சிஐஐ பசுமை வணிக மையம். 2004-ல அப்துல் கலாம் திறந்து வச்சது. நடுவுல முற்றம், ஜாலிச் சுவர், காத்துக் கோபுரம். செட்டிநாட்டுப் பாட்டிக்குக் காட்டினா 'இதுல என்னடா புதுசு'ன்னு கேப்பாங்க. அங்க ஆரம்பிச்ச கதை, திறக்காத கண்ணாடிப் பெட்டிக்கு பலகை மாட்டறதுல வந்து நிக்குது.

என் கோபம் இதுதான். ஏசியில ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6% மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசோட பீஇஇ சொல்லுது. 2020-லேர்ந்து ஸ்டார் போட்ட ரூம் ஏசி எல்லாம் 24 டிகிரியில ஆரம்பிக்கணும்னு விதியே இருக்கு. அப்ப 22-ல எங்களை நடுங்க வைக்கிறவங்க பசுமையைக் காப்பாத்தலை, கரன்ட்டைக் கொட்டறாங்க. அந்தப் பொண்ணு கேட்ட 25 டிகிரிதான் நிஜமான பசுமை. அட்டைப்பெட்டியைப் பிச்செறிஞ்சவங்கதான் விரோதி.

இன்னொண்ணு. லீட் 2009 விதியிலயே ஒரு பாயின்ட் இருந்துச்சு. குடியேறி 6 மாசத்துலேர்ந்து 18 மாசத்துக்குள்ள உள்ள இருக்கிறவங்ககிட்ட 'சூடு, குளிர் எப்படி இருக்கு'ன்னு கேக்கணும். நூத்துல 20 பேருக்கு மேல அதிருப்தின்னா சரி பண்ண திட்டம் போடணும். ஆனா அது கட்டாயமா இருக்கலை, வேணும்னா எடுத்துக்கலாம்னுதான் இருந்துச்சு. ஏன் கட்டாயம் இல்லை? குழாய்ல எவ்ளோ தண்ணி மிச்சம்னு அளக்கறவங்களுக்கு மனுஷனைக் கேக்க என்ன தயக்கம்? வருஷா வருஷம் கேளுங்க. பதிலை அந்தப் பலகைக்குப் பக்கத்துலயே ஒட்டுங்க. அதிருப்தி கூடினா பலகையைக் கழட்டுங்க.

உங்க ஆபீஸ்ல எத்தனை டிகிரி? உங்களை யாராவது கேட்டாங்களா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: அந்தப் பொண்ணுக்கு நல்லபடியா ஆண் குழந்தை. அந்த சீட்ல இப்ப நான். ஜலதோஷத்துக்குக் காரணம் புரிஞ்சிருக்குமே :(