நட்டை முறுக்கினால் ஒழுகல் நிற்குமா?

"இன்னும் ஒரு சுத்து டைட் பண்ணு, நின்னுடும்!"

பழைய அம்பாசிடரின் கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் கசிந்தால் ஊர் உலகம் சொல்லும் வைத்தியம் இதுதான். நிற்கவில்லையா? சிலிக்கான் பேஸ்ட்டை அப்பு. அதற்கும் நிற்கவில்லையா? "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு தத்துவம்!

அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கசிவதற்குப் பாதிக் காரணமே அந்த ஸ்பேனர்தான்.

கார்புரேட்டரை மேனிஃபோல்டில் உட்கார வைக்கும் ஃபிளேஞ்ச், மிருதுவான அலாய் உலோகம். இரண்டு ஓரத்தில் இரண்டு நட். நடுவில் காஸ்கெட். ஓரங்களை மூச்சுப்பிடித்து முறுக்கினால் என்ன ஆகும்? காதுகள் இரண்டும் கீழே வளையும், நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். இடைவெளி அங்கேதான் விழுகிறது. "டைட் பண்ணினால் நிற்கிறதே" என்பார்கள். நிற்கும், காஸ்கெட் நசுங்கி முடியும் வரை. அப்புறம் மறுபடி ஸ்பேனர், மறுபடி வளைசல்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெற்றிடம். ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், ஐடிலிங் தடுமாறும். பெட்ரோல் வெளியே சொட்டுகிறது என்றால், பெரும்பாலும் மேலே ஃப்ளோட் சேம்பர் நிரம்பி வழிகிறது. நீடில் வால்வில் தூசியோ தேய்மானமோ இருக்கும். வியாதி மேலே, கட்டு கீழே!

சரியான வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் நீடில் வால்வையும் ஃப்ளோட் மட்டத்தையும் பார்க்க வேண்டும். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, தட்டையான கண்ணாடி மேல் எமரி ஷீட் விரித்து ஃபிளேஞ்சைச் சமமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் புது காஸ்கெட். நடுவில் உள்ள வெப்பத் தடுப்புக் கட்டையைத் தூக்கி எறியக் கூடாது. நட்டுகளை மாற்றி மாற்றி, அளவாக இறுக்கினால் போதும். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். பிய்ந்த துணுக்கு உள்ளேயும் போகும். போதாக்குறைக்கு இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்க்கட்டும். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். பெட்ரோல் சொட்டும் இடத்துக்கு அருகிலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள வெயில்கூட வேண்டாம்; பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பொறி பட்டால் பிடிக்கும். பின்சீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், பார்ப்போம்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. பெயின்ட்டுக்கும் சீட் கவருக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, காஸ்கெட் என்றதும் "அதெல்லாம் வேணாம், சும்மா டைட் பண்ணிக் குடு" என்று நிற்கும் ஓனர்தான் முதல் குற்றவாளி. மிச்சம் பிடிப்பது ஒரு காஸ்கெட்டின் விலை. பணயம் வைப்பது முழு வண்டியையும், உள்ளே இருக்கும் உயிர்களையும். எந்தக் கணக்குப் புத்தகத்தில் இது லாபம்?

2014ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. எரிந்து போனால் ஷோரூமில் போய் இன்னொன்று வாங்க முடியாது. அடுத்த தடவை யாராவது ஸ்பேனரோடு குனிந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஃபிளேஞ்சைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தீங்களாண்ணே?"