பரீட்சைக் காலமும் குளூக்கோஸ் டப்பாவும்

பரீட்சைத் தேதிகள் கலாசாலைப் பலகையில் ஒட்டப்பெற்ற மறுநாளே நம் விடுதி அறைகளின் ஜன்னற் படிகளில் குளூக்கோஸ் டப்பாக்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. ஊரிலிருந்து பார்க்க வரும் தாய்மார் முறுக்கோடும் பருப்புப் பொடியோடும் அதனையும் கொணர்ந்து, "மூளைக்குத் தெம்பு, படிக்கிற களைப்புத் தெரியாது" என்று சொல்லி வைத்துச் செல்கின்றனர். மாணாக்கரும் இரவு முழுதும் கண்விழித்து, விடியலில் இரண்டு மூன்று கரண்டி மாவைத் தண்ணீரிற் கரைத்துக் குடித்துவிட்டு, காலைப் பலகாரத்தை மறந்து பரீட்சை மண்டபம் புகுகின்றனர். இவ்வழக்கத்தில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்ந்து நம் அபிப்பிராயத்தை வெளியிட விரும்புகிறோம். குறை சொல்ல வந்த நாமும் அந்த டப்பாவைத் திறந்தவர்களே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

தாய்மார் சொல்லுவது முற்றும் பொய்யன்று. நம் உடலின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது பெற்றுக்கொள்கிறது. நாளொன்றுக்கு அது எரிக்கும் குளூக்கோஸ் சுமார் 120 கிராம். இரத்தத்திலோ எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பது நான்கைந்து கிராமே. அதாவது ஒரு தேக்கரண்டி. இத்தேக்கரண்டி வற்றாதபடி காக்கும் களஞ்சியம் கல்லீரல். பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1857-ஆம் ஆண்டில் கல்லீரலினின்று கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார். நாம் உண்ட சோறு சர்க்கரையாகி, உடனே செலவாகாதது அவ்வுருவில் அங்கே சேர்த்து வைக்கப்படுகின்றது. அதன் அளவு சுமார் 100 கிராம். தசைகளில் இதைப்போல் நான்கு மடங்கு உண்டு. ஆனால் தசை தன் சேமிப்பைத் தானே செலவழித்துக்கொள்ளுமேயன்றி இரத்தத்திற்கு ஈயாது. ஆகவே இரவெல்லாம் உண்ணாதிருந்தவனுடைய களஞ்சியம் காலையில் பெரிதும் குறைந்திருக்கும்.

குறைந்த இடத்தில் குளூக்கோஸ் செய்யும் உபகாரத்திற்கு நல்ல சாட்சியங்கள் உள்ளன. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து மாரத்தான் நெடுவோட்டத்தை முடித்தவர்களின் இரத்தத்தை மருத்துவர் சிலர் சோதித்தனர். மிகத் தளர்ந்து நின்றோரின் இரத்தச் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, ஓட்டக்காரர்களை முன்னதாகவே மாவுணவை மிகுதியாக உண்ணச் செய்து, ஓடும் வழியில் மிட்டாயும் தின்னச் செய்தபோது அத்தளர்ச்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது. இரண்டாம் உலகயுத்தக் காலத்தில், கப்பல் மூழ்கித் தெப்பத்தில் மிதப்போருக்கு எவ்வுணவு தகும் என்று ஆராய்ந்த ஜேம்ஸ் காம்பிள் என்னும் அமெரிக்க வைத்தியரின் முடிவும் இங்கே கருதத்தக்கது. பட்டினி கிடக்கும் உடல் தன் தசையையே கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. நாளொன்றுக்கு 100 கிராம் குளூக்கோஸ் கொடுத்தால் அவ்வழிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று அவர் கண்டார். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து கை நடுங்கி வியர்க்கும்போது, 15 கிராம் குளூக்கோஸ் உயிர் காக்கும் மருந்தென்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் பரீட்சைக்கு அஞ்சும் மாணாக்கனுடைய நிலை இவற்றுள் எதனோடும் ஒத்ததன்று. அவன் நாற்பது கிலோமீட்டர் ஓடவில்லை, கடலில் மிதக்கவுமில்லை. அவனுக்கு நேர்ந்திருப்பது அச்சம். அச்சத்திலும் சினத்திலும் உடல் என்ன செய்கிறது என்பதை ஹார்வர்டு சர்வகலாசாலை ஆசிரியர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரலைத் தூண்ட, சேமித்த சர்க்கரை இரத்தத்திற்கு வந்து சேர்கிறது. அதே சுரப்பிகளிற் பிறக்கும் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சாரமும் சர்க்கரையை மிகுவிக்கவே முயல்கிறது. புலியைக் கண்டவன் ஓடிப் பிழைப்பதற்கென அமைந்த ஏற்பாடு இது. வினாத்தாளைக் கண்டவனோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். வந்த சர்க்கரையே செலவாகாதிருக்க, அதன்மேல் மூன்று கரண்டியை ஊற்றுவதால் அச்சம் எப்படித் தீரும்? மாவுப்பொருளுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 31 ஆராய்ச்சிகளை ஒருங்கே தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, சர்க்கரை உண்டதனால் மனம் தெளிந்ததாகவோ ஊக்கம் பெற்றதாகவோ காணவில்லை; மாறாக ஒரு மணி நேரத்திற்குள் சோர்வு மிகுந்து விழிப்புக் குறைந்ததையே கண்டது.

சென்ற ஆண்டு நம் நண்பர் ஒருவர் பரீட்சை மண்டபத்தில் மயங்கி விழுந்தார். முந்திய மாலைமுதல் குளூக்கோஸ் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அவர் வாயிற் படவில்லை. இரண்டு இரவுகள் உறக்கமுமில்லை. அவரைப் படுக்கவைத்து மீண்டும் குளூக்கோஸே புகட்டினார்கள். சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். சூழ நின்றவர்கள், "பார்த்தீர்களா, குளூக்கோஸின் மகிமையை!" என்றார்கள். அவரை விழச் செய்த பட்டினியையும் உறக்கமின்மையையும் பற்றி ஒருவரும் பேசவில்லை. எழுப்பியது அதுவாகவே இருக்கட்டும். பலகாரம் வேண்டாம், இதுவே போதும் என்று அவரை நம்பவைத்ததும் அதே டப்பாவன்றோ?

இந்நம்பிக்கை விடுதியோடு நிற்பதன்று. நம் ஊர்களில் காய்ச்சலென்று மருத்துவரிடம் செல்வோர், "ஒரு பாட்டில் குளூக்கோஸ் ஏற்றுங்கள்" என்று கேட்பதும், அவர் மறுத்தால் வேறு மருத்துவரை நாடுவதும் யாவரும் அறிந்ததே. நூற்றுக்கு ஐந்து பங்குள்ள அத்திராவகம் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் குளூக்கோஸ். அதன் சக்தி 200 கலோரிக்கு மேற்படாது. நான்கைந்து இட்டிலி இதனைத் தந்துவிடும், ஊசியும் வேண்டாம், காசும் மிச்சம். ஏற்றிக்கொண்டவர் தெளிவடைவதும் உண்மையே. உடலில் நீர் வற்றியிருந்தால் நீர் சேர்ந்ததனால் தெளிவார். அன்றியும் இரண்டு மணி நேரம் ஒருவரும் வேலை ஏவாமல் படுத்திருக்கக் கிடைத்ததும் அந்தப் பாட்டிலால்தான் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

மிகுதியே நன்மை என்னும் எண்ணம் எங்கே தவறுகிறது என்பதை வயிற்றுப்போக்கிற்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 1971-ஆம் ஆண்டு வங்காளத்தில் பங்காவோன் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகாலனபிஸ் இக்கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பல்லாயிரவரைக் காப்பாற்றினார். இன்று உலக சுகாதார ஸ்தாபனம் விதிக்கும் அளவுப்படி ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளூக்கோஸும் 2.6 கிராம் உப்பும், இன்னும் இரண்டு உப்புவகைகளும் சேர்கின்றன. இங்கே குளூக்கோஸ் வேண்டப்படுவது தெம்பிற்காக அன்று. குடலின் சுவரைக் கடக்கும்போது அது உப்பைத் தன்னுடன் அழைத்துச் செல்கிறது, உப்பின்பின் நீர் செல்கிறது. பரிவு மிகுந்து யாரேனும் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டால், அதுவே உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை வளர்க்கும்.

மற்றொன்றும் உண்டு. குளூக்கோஸ் தானே எரிவதில்லை. தயமின் என்னும் ஜீவசத்து துணைநின்றாலன்றி உடலால் அதனை முற்றும் எரிக்க இயலாது. ஜாவாத் தீவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்கமாட்டாது வீழ்ந்ததை ஆராய்ந்து இவ்வழியைத் திறந்த ஐக்மன் 1929-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். நெடுநாள் உணவின்றி மெலிந்தவர்க்குத் தயமின் கொடாது குளூக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு விளையலாம் என்று வைத்தியர் எச்சரிக்கின்றனர். டப்பாவிலுள்ள வெறும் சர்க்கரை தராத இந்தச் சத்தைப் புழுங்கலரிசியும் உளுந்தும் தருகின்றன. நம் பாட்டிமார் இதன் பெயரை அறியாமலே இரண்டையும் சேர்த்து அரைத்து வைத்தார்கள்.

2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி நம் தேசத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவுடையோர். தொகை பத்துக் கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய துன்பத்திற்குப் பரீட்சைக் காலக் கரண்டிகளைக் காரணமாக்குவது நியாயமன்று. நாம் அப்படிச் சொல்லவுமில்லை. ஆயினும் களைப்பென்றால் சர்க்கரை, கவலையென்றால் சர்க்கரை என்று பதினெட்டு வயதிற் பழகிய நாக்கு நாற்பதில் அப்பழக்கத்தை விடுமென்று யார் உறுதி கூறுவார்?

மாணாக்கரை மட்டும் கடிந்துகொள்வதும் முறையன்று. நம் விடுதியில் காலைப் பலகாரம் எட்டு மணிக்கே கிடைக்கிறது. ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருக்கவேண்டியவன் குளிப்பானா, வரிசையில் நிற்பானா, படித்ததை ஒருமுறை பார்ப்பானா? டப்பா அங்கேதான் புகுந்துவிடுகிறது. பரீட்சை நடக்கும் மூன்று வாரங்களுக்கேனும் பலகாரத்தை ஏழு மணிக்குப் பரிமாறவும், இரவு பத்து மணிக்குமேல் படிப்போருக்கு ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் கிடைக்கவும் ஏற்பாடு செய்தல் இயலாத காரியமன்று. பழத்தின் விலையை மாதக் கட்டணத்தோடு சேர்த்துக்கொள்ள எம்முள் பலர் இசைந்திருக்கிறோம்; விடுதிக் காப்பாளரிடம் கொடுக்க விண்ணப்பமும் எழுதியாயிற்று. கையெழுத்திட விரும்புவோர் சாப்பாட்டுக் கூடத்து வாயிலில் அதனைக் காணலாம்.