எனி கொஸ்டின்ஸ்?... தேங்க்யூ!

உங்க காலேஜ்ல கடைசியா நடந்த கெஸ்ட் லெக்சர் ஞாபகம் இருக்கா? தலைப்பு என்ன? சரி, அது வேண்டாம். பேசினவர் பேரு? அதுவும் வேண்டாம். கொடுத்தது சமோசாவா, பப்ஸா? பார்த்தீங்களா, இது மட்டும் டக்குனு வந்துடுச்சு!

முழுப் பழியும் உங்க மேல இல்லை பாஸ். ஒரு கெஸ்ட் லெக்சர் எப்படி நடக்குதுன்னு வாட்சைப் பார்த்துக் கணக்குப் போட்டாலே புரிஞ்சிடும். அழைப்பிதழில் 10.30 என்று இருக்கும். சீஃப் கெஸ்ட் பிரின்சிபால் ரூமில் காபி குடித்து முடித்து ஆடிட்டோரியத்துக்குள் வரும்போது மணி 11.10. தமிழ்த்தாய் வாழ்த்து. அப்புறம் குத்துவிளக்கு. ஃபேன் காத்துல திரி அணையும், ஃபேனை நிறுத்துவாங்க, ஏத்தி முடிச்சதும் திரும்பப் போட மறந்துடுவாங்க. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, மெமென்டோ. அதுக்கப்புறம் அறிமுகவுரை. அதாவது, வந்தவரோட பயோடேட்டாவை எழுத்து விடாமல் வாசிக்கிறது. அவரே மேடையில நெளிவார். ஒருவழியா அவர் கைக்கு மைக் போகும்போது மணி 12.05. அவருக்குத் தொண்டை காய்ஞ்சிருக்கும், நமக்கு வயிறு காய்ஞ்சிருக்கும். 12.45-க்கெல்லாம் நன்றியுரை சொல்லப்போற பொண்ணு பேப்பரோட மேடை ஓரத்துல வந்து நின்னுடும். "எனி கொஸ்டின்ஸ்?" என்று ஒரு குரல் வரும். மூணே விநாடி அமைதி. "தேங்க்யூ." அவ்வளவுதான், லஞ்ச்!

அந்த மூணு விநாடியைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப் போறோம்.

ஏன்னா, நம்ம காரைக்குடிப் பக்கத்துக்கு இந்த அமைதி பழக்கமே இல்லாத ஒண்ணு. 1927 செப்டம்பரில் கதர் நிதிக்காக காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். விருந்தாளியாக வந்தவர் ஊரைப் புகழ்ந்துட்டுப் போறதுதானே வழக்கம்? அவர் அப்படிச் செய்யலை. செட்டிநாட்டு வீடுகளுக்குள்ள வெளிநாட்டு மேஜை நாற்காலிகள் இப்படி அளவுக்கு மீறி அடைஞ்சு கிடக்கிறது தனக்கு உறுத்தலா இருக்குன்னு வெளிப்படையாவே சொல்லிட்டார். நிதி கொடுத்த ஊருக்கே குட்டு!

கெஸ்ட் அப்படின்னா, கேட்கிறவங்க எப்படி? அதே பயணத்துலதான் அவர் சிராவயலுக்குப் போனார். ஆமாம், மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன அதே சிராவயல்தான். அங்கே ஓர் ஆசிரமத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். வயசு 20. இன்றைய கணக்கில் தேர்டு இயர் ஸ்டூடன்ட். வர்ணாசிரமம் பற்றி காந்தி பேசினது அவருக்குப் பிடிக்கலை. 'எவ்வளவு பெரிய மனுஷர், நமக்கென்ன வம்பு'ன்னு சும்மா இருக்காம, தன்னோட மறுப்பை எழுதி காந்திக்கே அனுப்பிட்டார். கடிதத்தைப் படித்த காந்தி, எழுதினவரைப் பார்க்க சிராவயலுக்கே வந்துட்டார். உங்களுக்கு என்ன சொத்து இருக்குன்னு காந்தி கேட்க, இந்த நாடுதான் என் சொத்துன்னு அவர் சொல்ல, நீங்கள்தான் நாட்டின் சொத்து என்று காந்தி திருப்பிச் சொன்னதாக அந்தச் சந்திப்பைப் பத்திச் சொல்லுவாங்க. அந்த இளைஞர்தான் பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவா, ப.ஜீவானந்தம்.

எல்லாரும் அந்தச் 'சொத்து' டயலாக்கைத்தான் சொல்லிச் சொல்லி ரசிப்பாங்க. எனக்கென்னவோ அதுக்கு முன்னாடி போன அந்தக் கடிதம்தான் பெருசாத் தெரியுது. அது இல்லைன்னா டயலாக்கே இல்லையே!

அடுத்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா கொஞ்சம் வேற ஆங்கிள்ல பாருங்க. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. மேடையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார். பெரிய நகரங்களில் மட்டும் காலேஜ் இருந்தால் போதாது, உள்ளூர்ப் பகுதிகளிலும் கலைக் கல்லூரிகள் தொடங்க வசதி உள்ளவர்கள் முன்வரணும் என்று பேசுகிறார். இந்த மாதிரிப் பேச்சை நாம எத்தனை தடவை கேட்டிருப்போம்! கைதட்டிட்டு எழுந்து போயிருப்போம். அன்னைக்குக் கூட்டத்துல இருந்த ஒருத்தர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் நான் தொடங்குறேன்னு அறிவிச்சார். கோட்டையூர்க்காரர். அழகப்பச் செட்டியார். அப்போ அவருக்கு வயசு 38.

அறிவிச்சதோட நிறுத்தலை. ஆகஸ்ட் 11-ஆம் தேதி, அதாவது சுதந்திரத்துக்கு நாலு நாள் முன்னாடி, காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி ஆரம்பிச்சாச்சு. ஜூலையில் பேச்சு, ஆகஸ்டில் கிளாஸ்! நாம அசோசியேஷன் டே நோட்டீஸ் அடிக்கவே இதைவிட அதிக நாள் எடுத்துக்குவோம். அந்தக் கல்லூரிதான் இன்றைய அழகப்பா அரசு கலைக் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக, அதாங்க நம்ம 'சிக்ரி'க்காக, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அவர்தான். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல், பொங்கல் சமயத்தில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாலு வருஷம் கழிச்சு 1957-இல் அழகப்பர் இறந்துபோனார். 50 வயசுகூட ஆகலை.

நல்லாப் பேசறவங்க அன்னைக்கும் நிறைய பேர் இருந்தாங்க, இன்னைக்கும் இருக்காங்க. நம்ம ஊருக்கு காலேஜ் வந்தது கேட்டுக்கிட்டு இருந்தவர் எழுந்ததால. கோடி ரூபாய் கையில இருந்தா நானும்தான் எழுந்திருப்பேன்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது. வாஸ்தவம்தான். நம்ம பாக்கெட்டில் பஸ் பாஸ் மட்டும்தான் இருக்கு. அதனாலதான் ஜீவாவை முதல்ல சொன்னேன். அவர் கையிலயும் ஒரு பைசா கிடையாது, தபால் தலை வாங்கினதைத் தவிர.

கேட்கிறதுக்கும் ஒரு பயிற்சி வேணும். சந்தேகம்னா பங்குனியில கம்பன் விழாவுக்குப் போய் உட்கார்ந்து பாருங்க. 1939-இல் சா.கணேசன் ஆரம்பிச்சது. மகம், பூரம், உத்திரம் நாட்களில் காரைக்குடியில் நடந்து, அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில் முடியும். சொன்ன நேரத்துல ஆரம்பிக்கிறதுக்கு அவர் காலத்திலேயே பேர் வாங்கின விழா. (நம்ம ஆடிட்டோரியத்துக்கு அந்தப் பழக்கத்தை யாராவது கடன் வாங்கிக் கொடுத்தா புண்ணியமாப் போகும்!) மேடையைவிட எனக்குக் கூட்டத்தைப் பார்க்கத்தான் பிடிக்கும். பேச்சாளர் பாட்டை எடுத்தா அடுத்த அடியை வாய்க்குள்ளேயே சொல்லிக்கிற பெரியவங்க இருப்பாங்க. ஒரு சொல் பிசகினால் அவங்க முகத்திலேயே தெரிஞ்சிடும். எவ்வளவு பெரிய பேச்சாளரா இருந்தாலும் அந்த முதல் வரிசைக்குக் கொஞ்சம் பயந்துதான் ஆகணும். நம்மளைப் பார்த்து எந்த கெஸ்ட்டாவது பயந்திருக்காரா?

பயப்பட வேண்டியவங்க சில பேர் இருக்காங்க. குட்டிக் கதை பார்ட்டி ஒருத்தர். யானைச் சங்கிலி, கழுகுக் குஞ்சு, தவளைப் போட்டின்னு மூணு கதையிலேயே ஒரு மணி நேரத்தை ஓட்டிடுவார். கோட் போட்ட ஓல்டு ஸ்டூடன்ட் ஒருத்தர். 'நானும் இதே பெஞ்சுலதான்' என்பார். அதுக்கு அப்புறம் அவர் மாமா வாங்கிக் கொடுத்த வேலையைப் பத்தி மூச்சு விடமாட்டார். 'முயற்சி செஞ்சா முடியாதது இல்லை'ன்னு மைக் அதிரக் கத்துறவரும் உண்டு. முயற்சி செஞ்சும் முடியாமப் போன அப்பா அம்மாக்களோட பிள்ளைங்க பாதி ஹாலில் உட்கார்ந்திருக்காங்கன்னு அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லணும்.

இந்த வருஷம் நான் கேட்டதுல உருப்படியான பேச்சு, யாருமே எதிர்பார்க்காத ஒண்ணு. வந்தவர் ஒரு விஞ்ஞானி. தலைப்பு: துரு! தலைப்பைக் கேட்டதும் பின்வரிசை பூரா தலையைக் கவுத்தாச்சு. ஸ்லைடுகளோ முடியவே இல்லை. ஆனா அவர் பாம்பனில் இருந்து ஆரம்பிச்சார். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், உப்புக் காத்துல நூறு வருஷத்துக்கும் மேல நின்ன இரும்பு, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினது, பக்கத்திலேயே கட்டின புதுத் தூக்குப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தது என்று போய், கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பியை உப்பு எப்படித் தேடிப் போய் அரிக்கும்ங்கிறதில் வந்து நின்னார். கடலோரத்தில் வீடு கட்டறவங்க உப்புத் தண்ணியில கான்கிரீட் கலக்கக்கூடாதுன்னு அவர் சொன்னதும், கொத்தனார் வீட்டுப் பசங்க ரெண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

அப்புறம் என்ன... "எனி கொஸ்டின்ஸ்?" மூணு விநாடி. "தேங்க்யூ."

என் கிளாஸ்மேட் ஒருத்தி. திருப்பத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். காலையில ஆறேகால் பஸ்ஸைப் பிடிச்சு வர்றவ. கெமிஸ்ட்ரியில எங்க எல்லாரையும்விட நல்லாப் படிப்பா. அந்த மூணு விநாடியில் அவ கை பாதி தூக்கி இறங்கினதை பக்கத்துல இருந்து பார்த்தேன். கூட்டம் கலைஞ்சதும் சாப்பிடப் போகாம விறுவிறுன்னு வெளியே போனா. போர்ட்டிகோவில் காருக்குக் காத்திருந்தவர்கிட்ட தமிழ்லயே கேட்டா: "சார், உங்களை மாதிரி பிஎச்.டி. படிக்க வீட்டுல இருந்து எவ்வளவு பணம் கட்டணும் சார்?"

அவர் முதல்ல சிரிச்சார். அப்புறம் அவ முகத்தைப் பார்த்துட்டு சிரிப்பை நிறுத்திட்டார். "நீ கட்டறது இருக்கட்டும்மா, உனக்குத்தான் அவங்க மாசா மாசம் கொடுப்பாங்க" என்று சொல்லிட்டு கார் கதவைப் பிடிச்சபடியே விளக்கினார். எம்எஸ்சி முடிச்சு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அதுபோக வீட்டு வாடகைப் படி. நெட் எழுத எம்எஸ்சியில் 55 சதவீதம் வேணும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். (பி.சி., எம்.பி.சி.ன்னா மத்திய அரசோட ஓ.பி.சி. சான்றிதழ் கையில இருக்கணும், இது அவர் சொல்லாதது.) எழுதுறவங்க லட்சத்தைத் தாண்டுவாங்க, கிடைக்கிறது சில ஆயிரம் பேருக்குத்தான் என்றும் மறைக்காமச் சொன்னார். நல்ல மனுஷர்.

அவ வீட்டில் அந்த மாசம்தான் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வேலைக்கு அனுப்பறதாப் பேச்சு. பிஎச்.டி.ன்னா லட்சக்கணக்குல செலவாகும்னு மூணு வருஷமா நம்பிக்கிட்டு இருந்திருக்கா. யாரும் அவளை ஏமாத்தலை, யாரும் சொல்லலை, அவ்வளவுதான். இப்போ அண்ணன் எம்எஸ்சி பக்கம், அம்மா ஓசூர் பக்கம். அப்பா இன்னும் வாயைத் திறக்கலை.

எனக்கு ஆத்திரம் எதுல தெரியுமா? அந்த 37,000 என்ற எண் போர்ட்டிகோவில் ஒரே ஒருத்தி காதுல விழுந்தது. மைக்கில் விழுந்திருந்தால் ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். அவ மாதிரி அங்கே இன்னும் எத்தனை பேரோ!

ஏன் கேட்க மாட்டேங்கிறோம்? இங்கிலீஷ் வராது. கேட்டா 'சீன் போடுறா'ன்னு பின்னாடி பெஞ்ச் கூவும். ஹெச்.ஓ.டி. முறைப்பார், இன்டர்னல் மார்க் கண் முன்னாடி வந்து நிக்கும். சில இடங்களில் ரெண்டு பேர்கிட்ட கேள்வியை முதல் நாளே எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வெச்சிடறாங்க. அது கேள்வியா? நாடகம்! தமிழ்ல கேட்டா எந்த கெஸ்ட்டும் கோவிச்சுக்க மாட்டார். காரைக்குடிக்கு வர்ற ஆளுக்கு அது தெரியாதா என்ன? கூவறதை நிறுத்த மட்டும் என்கிட்ட வழி இல்லை. கூவறவனும் உள்ளுக்குள்ள அதே கேள்வியோடதான் உட்கார்ந்திருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதனால எங்க கிளாஸ்ல ஒரு சின்ன ஏற்பாடு பண்ணினோம். ஒரு காலி ஷூ டப்பா, மூடியில ஒரு வெட்டு. கெஸ்ட் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வராந்தாவில் வெச்சிடறது. பேர் எழுத வேண்டாம், தமிழோ தங்லீஷோ, எழுதிப் போட வேண்டியதுதான். நன்றியுரைக்கு முன்னாடி பதினைந்து நிமிஷம் அந்தச் சீட்டுகளுக்குன்னு கேட்டு வாங்கியிருக்கோம். அறிமுகவுரையை ரெண்டு நிமிஷமாச் சுருக்கினதுல கிடைச்ச நேரம்தான் அது!

அடுத்த வாரம் வரப்போறவர் ஒரு பேங்க் மேனேஜர். தலைப்பு 'இளைஞர்களும் சேமிப்பும்'. நேத்து சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்த்தோம். பதினோரு சீட்டு. ரெண்டு வெத்துக் கலாட்டா, ஒண்ணுல யாரோ ஹார்ட்டின் வரைஞ்சிருக்காங்க. அதைக் கிழிச்சுப் போட்டாச்சு. மீதி எட்டும் நல்ல கேள்விகள். அதுல ஒண்ணு, கணக்கு நோட்டுத் தாள்ல பென்சிலால எழுதினது:

"சார், படிப்புக் கடனைக் கட்ட முடியலைன்னா எங்க அப்பாவை என்ன செய்வீங்க?"