மீட்டர் கணக்கு

ஆனேக்கலிலிருந்து அத்திப்பள்ளி போகும் சாலையை ஒட்டிய புது லேஅவுட் ஒன்றில், நண்பர் வீட்டு மனையில் போர் போடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றேன். டிஎன் 34 நம்பர் போட்ட திருச்செங்கோட்டு ரிக் வண்டி. பாயிண்ட் குறித்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்தவர். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் சுண்ணாம்பு போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். (நிலத்தடியைத் தேடும் நம் துறையின் ரெசிஸ்டிவிட்டி மீட்டரை அங்கே யாரும் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.)

முதல் நாற்பது அடி செம்மண்ணும் உக்கிய பாறையும். கேசிங் இறக்கிய பிறகு நைஸ் பாறையின் சாம்பல் தூள் பறந்தது. நானூறு அடி தாண்டி ஓரிடத்தில் தூள் இளஞ்சிவப்பாக வந்தது. இரண்டு ராடு போனதும் மறுபடி சாம்பல். ரிக் ஓட்டுநர் என் பக்கம் திரும்பி, "கல்லு மாறுச்சுங்க, சத்தம் கேட்டீங்களா?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருந்தது. பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த பெக்மடைட் நரம்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எழுதி வைக்க ஆளில்லை. 1,180 அடியில் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 360 மீட்டர். அத்தனை ஆழத்திலிருந்து பூமியைப் பற்றிக் கிடைத்த தகவல் ஒரே வரி: தண்ணி ஒன்றரை இஞ்ச்.

யுரேனியம் தேடும் கண்ணோடு அந்தத் துளையைப் பார்த்தேன் என்றாலும், ஆனேக்கலில் யுரேனியத் தாது கிடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சாதாரண கிரானைட்டில் டன்னுக்கு நாலைந்து கிராம் யுரேனியம் இருக்கும். அதை யாரும் தோண்டப் போவதில்லை. ஆனால் கிழக்குத் தார்வார் நிலப்பரப்பின் இந்தப் பழம்பாறைகளின் உறவினர்கள்தாம் வடக்கே பீமா படுகையின் சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் படுத்திருக்கின்றன. அங்கே யாதகிரி மாவட்டம் கோகியில், 1990-களில் அணுக் கனிம இயக்ககம் கண்டுபிடித்த யுரேனியப் படிவைப் பற்றித்தான் பேச வேண்டும். அதே இயக்ககத்தின் தென் மண்டல அலுவலகம் பெங்களூர் நாகரபாவியில் இருக்கிறது. சில்க் போர்டு சந்திப்பு வழிவிட்டால் ஆனேக்கலிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

கோகியின் தாது ஃபால்ட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. நொறுங்கிய சுண்ணாம்புக்கல்லிலும், அதன் கீழே நொறுங்கிய கிரானைட்டிலும் பிட்ச்பிளெண்டும் காஃபினைட்டும் சந்துபொந்துகளில் அடைந்திருக்கின்றன. தும்மலப்பள்ளி வேறு சாதி. கடப்பா படுகையின் வேம்பள்ளி டோலோஸ்டோன் அடுக்கில், டன்னுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாக, ஆனால் அடுக்கோடு அடுக்காக வெகுதூரம் ஓடுகிறது. அங்கே ஒரு துளையில் கொஞ்சம் கோட்டை விட்டாலும் பக்கத்துத் துளை கைகொடுக்கும். கோகி மாதிரி இடத்தில் அந்தச் சலுகை கிடையாது.

ஃபால்ட் எங்கே போகிறது என்பதை மேக்னெட்டிக், மின்தடை, மின்காந்த அளவீடுகள் ஓரளவு நன்றாகவே காட்டிவிடும். கனடாவில் சிகார் லேக் படிவை 1981-இல் 400 மீட்டருக்கும் கீழே தொட்டது, கிராஃபைட் கடத்திகளை மின்காந்த முறையில் தேடித் துளையிட்டதால்தான். அதே அதபாஸ்கா படுகையில் வெறும் கிராஃபைட்டாக முடிந்த கடத்திகள் ஏராளம். விலாசம் கிடைக்கும், வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதைக் கதவைத் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

கதவைத் தட்டுகிற இடத்தில்தான், அதாவது துளையிடுவதில்தான், நாம் அவசரப்படுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கேம்பில் நான் பார்த்தது இது. ஃபால்ட் மண்டலத்துக்குள் நுழைந்ததும் ஒரே மூச்சில் துளைத்த மூன்று மீட்டர் ரன்னில் 1.70 மீட்டர் கோர் (உருளையாக வெட்டியெடுத்த பாறை) மட்டுமே பேரலில் வந்தது. மீதி, துளையிடும் தண்ணீரோடு களிமண்ணாகக் கரைந்து போயிருந்தது. கோர் பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் ஆழத்தை எழுதினார்கள். மறுநாள் துளைக்குள் காமா கதிரை அளக்கும் புரோபை இறக்கியபோது முள் எகிறியது மரக்கட்டை இருந்த இடத்தில். கைக்கு வந்த 1.70 மீட்டரை ஆய்வகத்துக்கு அனுப்பி என்ன பயன்? மாத அறிக்கையில் மட்டும் மூன்று மீட்டரும் முழுசாக ஏறியது. ஒப்பந்தக்காரருக்கு மீட்டருக்குத்தான் காசு. மேலிடத்துக்கும் மீட்டர்தான் இலக்கு. ரன்னைப் பாதியாகக் குறைத்து, தண்ணீர் அழுத்தத்தைத் தணித்து, மூன்று குழாய் பேரல் போட்டிருந்தால் அந்தக் கோரில் பெரும்பகுதி தப்பியிருக்கும். நேரம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும். அதற்கு யார் கூலி கொடுப்பது?

புரோப்தான் காட்டிவிட்டதே, கோர் எதற்கு என்று இளைய நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் புரோப் யுரேனியத்தைக் கேட்பதில்லை. அது கேட்பது பெரும்பாலும் யுரேனியத்தின் கொள்ளுப்பேரன் பிஸ்மத்-214-ஐ. இடையில் 1,600 ஆண்டு அரை ஆயுளுள்ள ரேடியம் இருக்கிறது. அரை ஆயுள் நாலு நாள் கூட இல்லாத ரேடான் இருக்கிறது. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போய், ரேடியம் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டால், முள் பொய்யாகத் துள்ளும். நேற்று வந்து படிந்த யுரேனியம் என்றால் (பூமியின் கணக்கில் சில ஆயிரம் ஆண்டும் நேற்றுதான்) முள் மௌனமாக இருக்கும். இந்தச் சமநிலை திரும்ப அமைய பத்து லட்சம் ஆண்டு போல ஆகும். நீரோட்டம் ஓயாத ஃபால்ட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. வேதியியல் அளவையும் காமா அளவையும் ஒரே கோர்த் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எவ்வளவு விலகல் என்று தெரியும். மரக்கட்டையில் அதைச் செய்ய முடியாது.

நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கழுவிக்கொண்டு போகும் என்றேனே, ஆனேக்கலுக்கு நான் திரும்பி வருவது அதனால்தான். கிழக்குக் கர்நாடகத்தின் பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில், லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டி யுரேனியம் அளக்கப்பட்டிருக்கிறது. பைகார்பனேட் நிறைந்த, ஆக்சிஜன் சேர்ந்த நீரில் அது கரைந்து பயணம் போகிறது. எந்த ஆழத்தின் எந்தப் பாறை விரிசலிலிருந்து அது ஏறி வருகிறது? போர் போட்ட அன்றைக்கு ராடுக்கு ஒரு பை தூள், கடைசியில் ஒரு பாட்டில் தண்ணீர், பம்பு இறக்குமுன் ஒரு மணி நேரம் மெல்லிய காமா புரோப். இவ்வளவு இருந்தால் பதில் பாதி கிடைத்துவிடும். எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுத் திட்டம் அமையாது. துளைக்கான செலவை வீட்டுக்காரர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

நம் துறைக்கு என் கோரிக்கை இன்னும் சிறியது. மாத அறிக்கையில் துளையிட்ட மீட்டர் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், மீட்ட கோரின் சதவீதத்தையும் புரோப் இறக்கி லாக் எடுத்த நீளத்தையும் போடுங்கள். குறி வைத்த மண்டலத்துக்குள் கூலியை மீட்ட கோருக்குக் கொடுங்கள். ஒன்றும் அகப்படாத துளையின் லாக்கையும் அலமாரியில் வையுங்கள். துளைக்கு முன்பே சுற்றிலுமுள்ள கிணற்று நீரையும் அளந்து வையுங்கள். நல்லமலையில் யுரேனியம் எடுப்பதை எதிர்த்து 2019 செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் தீர்மானம் போட்டது நினைவிருக்கும். ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, துளை போட்டபின் எங்கள் கிணற்றுக்கு என்ன ஆகும் என்பது. துளைக்கு முன்பு அந்தக் கிணற்று நீரை அளந்து வைத்திராதவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

மாலை ஆறு மணிக்கு ரிக் வண்டி மாஸ்ட்டை மடக்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் கிளம்பியது. அங்கே அடுத்த பாயிண்ட் தயாராம். மனையில் முழங்கால் உயரத்துக்குத் தூள் குவிந்திருந்தது. இளஞ்சிவப்புத் தூள் எந்த அடுக்கில் கிடக்கிறது என்று காலால் கிளறிப் பார்த்தேன். எல்லாம் கலந்துவிட்டிருந்தது. ஜேசிபி வந்து அதை அள்ளிப் பக்கத்துச் சாலைப் பள்ளத்தில் கொட்டியது.