அறுநூறு ரூபாயும் நானூற்று எண்பது நாளும்

காத்திருப்பதற்கும் சொத்து வேண்டும். இதைச் சொன்னால் நம்ம தோழர்களிலேயே சிலபேர் சிரிக்கிறார்கள். வேலை இல்லாதவனிடம் இருப்பதே நேரம் ஒன்றுதானே, அதுக்கு எதுக்குச் சொத்து என்கிறார்கள். பாடியில் ஒரு சேரிப் பையன் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால், அவன் உட்காருவதற்கான செலவை யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குக் கொடுத்தது அம்மா. அண்ணா நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த காசில்தான் என் காத்திருப்பு நடந்தது.

அரசும் கொடுக்குதே என்பீர்கள். கணக்கைப் பார்ப்போம். தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகை பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிந்த மறுநாளே கிடைத்துவிடாது. பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும், நடுவில் புதுப்பிக்கத் தவறியிருக்கவும் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மூன்று வருஷம் தருவார்கள், அதோடு சரி. ஐந்து வருஷம் காத்திருந்த பட்டதாரிக்கு மொத்தமாகக் கிடைப்பது 21,600 ரூபாய். நாளைக்கு இருபது ரூபாய். ஒரு டீ, ஒரு வடை.

இந்த டீ வடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. வருஷா வருஷம் அப்படி உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது ரூபாயில் ஒருத்தன் எப்படி உயிரோடு இருக்கிறான் என்று அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் கேள்வி கிடையாது. அப்பன் வீடு, வாடகை, வயல் என்று பின்னால் ஏதோ இருக்கும் என்கிற நினைப்பில் போட்ட விதி இது. நிலமும் வீடும் யாரிடம் சேர்ந்து கிடக்கிறது என்பது சாதியின் கணக்கு. அந்த விதி நமக்கும் அப்படியே பொருந்துமாம்.

இந்த நேரத்தில்தான் கான்ட்ராக்டரிடமிருந்து போன் வரும். ‘எஸ்டேட்ல மூணு மாச வேலை, நாளைக்குக் காலைல வந்துடு.’ போவதா, வேண்டாமா? போனால் உதவித்தொகை போய்விடும். மூணு மாதம் கழித்து வேலையும் போய்விடும். உடனே புத்தி சொல்ல மூன்று பேர் வந்துவிடுவார்கள்.

முதல் ஆள் சொந்தக்காரர். ‘சர்க்கார் வேலை வரும்டா, பதிவு மூப்பு இருக்கு, பொறுத்துக்க.’ 1996-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது, வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பட்டியலை மட்டும் வைத்து ஆளெடுத்தால் போதாது, பத்திரிகையில் விளம்பரமும் செய்ய வேண்டும் என்று. வரிசையில் நின்றால் முறை வரும் என்ற நம்பிக்கை அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. நாம் இன்னும் வரிசையிலேயே நிற்கிறோம்.

இரண்டாவது ஆள் ஒழுக்கவாதி. ‘வேலைக்கும் போய்க்கொண்டு உதவித்தொகையும் வாங்குவது திருட்டு’ என்பார். சரி, நான் வாங்கவில்லை. வேலைக்குப் போன வாரமே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வருஷம் முழுக்க நடக்கும் வேலைக்கு மூன்று மாத ஆளை மாற்றி மாற்றி எடுப்பவனிடம் யாராவது உறுதிமொழிப் பத்திரம் கேட்டதுண்டா? 1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். தொழிலாளியின் தப்பு இல்லாமல் வேலை நின்றுபோனால் அந்த இடைவெளியால் தொடர்ச்சி அறுந்துபோகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. நான் பார்த்த கம்பெனியில் 480-ஐத் தொட யாரையும் விட்டதில்லை. நாள் நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுப்பான். இன்னொரு கான்ட்ராக்டர் பெயரில் அதே ஆளை அதே மிஷினில் திரும்ப நிறுத்துவான். கேட்டால் ‘நீ எங்க ஆளே இல்ல, கான்ட்ராக்டர் ஆள்’ என்பான். திருட்டு எங்கே நடக்கிறது?

மூன்றாவது ஆள் தொழிற்சங்கத் தோழர். இவரோடுதான் எனக்கு நிஜமான சண்டை. ‘கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் நிரந்தரத் தொழிலாளி வயித்துல அடிக்காதே’ என்கிறார். இது நமக்குப் பழைய குரல். 1921-ல் பெரம்பூர் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். கருங்காலி என்று பட்டம் கட்டினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கூலி நின்ற மாதங்களில் எவனுக்கு ஊரில் நிலம் இருந்தது, எவனுக்கு இல்லை என்று பட்டம் கட்டியவர்கள் யோசித்தார்களா? பம்பாயில் 1928 ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் நேராகவே கேட்டார். நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடாத நீங்கள் என்ன தொழிலாளர் ஒற்றுமை பேசுகிறீர்கள் என்று. அந்தக் கேள்வி இன்றைக்கு இங்கே வேறு உருவத்தில் நிற்கிறது. நிரந்தர வேலையில் இருப்பது யார் பிள்ளைகள், கான்ட்ராக்டில் தினம் மாறுவது யார் பிள்ளைகள்? எங்களைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்காதவர்களுக்கு எங்களைத் துரோகி என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

ஆகவே நான் வேலைக்குப் போனேன். போகச் சொல்லித்தான் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதே தம்பி. சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, கான்ட்ராக்டர் பெயர், எந்த மிஷினில் நின்றாய், எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதி வை. ஈஎஸ்ஐ எண்ணும் பிஎஃப் எண்ணும் கேட்டு வாங்கு. வேலை இழந்த காப்பீட்டுத் தொழிலாளிக்கு உதவி என்று 2018-ல் ஈஎஸ்ஐயில் ஒரு திட்டம் கொண்டு வந்து, 2020-ல் அதைச் சம்பளத்தில் பாதியாக உயர்த்தினார்கள், 90 நாள் வரைக்கும். உன் பெயரில் பணம் கட்டாத கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்திருந்தால் அது உனக்கு எட்டாது. வேலைவாய்ப்புப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதே.

இதெல்லாம் தனி ஆள் செய்கிற தற்காப்பு. இயக்கம் கேட்க வேண்டியது வேறு. மூணு மாச வேலைக்குப் போனவனின் உதவித்தொகையை ரத்து செய்யாமல் நிறுத்தி வைத்து, வேலை நின்ற அன்றே மறுபடி கொடுக்க வேண்டும். தொகை ஒரு ஆள் சாப்பிடுகிற அளவுக்காவது இருக்க வேண்டும். அரசுத் துறைகளில் கான்ட்ராக்ட், அவுட்சோர்சிங் என்று பெயர் மாற்றி நமது 18 சதவீதத்தை விழுங்குவதை நிறுத்த வேண்டும். தனியார் ஆலைகளிலும் இடஒதுக்கீடு வேண்டும். 480 நாள் சட்டத்தைக் கான்ட்ராக்டர் பெயர் மாற்றி ஏமாற்ற முடியாதபடி இறுக்க வேண்டும்.

பாடியிலும் அம்பத்தூரிலும் கான்ட்ராக்டில் நிற்கும் நம்ம பையன்களும் பெண்களும் அவரவர் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் உட்காருங்கள். நாட்களைக் கூட்டிப் பாருங்கள். 480-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு, மனுவை எங்கே கொடுப்பது என்று பேசலாம்.