இரண்டு ஆண்டு போதுமா?

2024 ஜூலை 28ஆம் திகதி, தம்புள்ளை ரங்கிரி மைதானம். இந்தியா எடுத்த 165 ஓட்டங்களை எட்டு விக்கெட் கையிலிருக்க எட்டிப்பிடித்து, மகளிர் ஆசியக் கிண்ணத்தை முதன்முறையாகத் தூக்கியது இலங்கை அணி. மாத்தளை மாவட்டத்தில் மட்டை பிடிக்கும் சிறுமிகளுக்குச் சமரி அத்தபத்துவின் 61 ஓட்டங்கள் இன்னும் மனப்பாடமாக இருக்கும்.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 2015 மே மாதத்தில், மகளிர் கிரிக்கெட் பற்றி வந்த செய்தி வேறு. விளையாட்டு அமைச்சு நியமித்த, ஓய்வுபெற்ற நீதியரசர் நிமல் திசாநாயக்க தலைமையிலான குழு, வீராங்கனைகள் அதிகாரிகளால் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதற்குச் சான்று இருப்பதாக அறிக்கை கொடுத்தது. யாரை நீக்குவது என்று ஊர் பேசியது. பாதிக்கப்பட்டவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமே என்ற பேச்சு அபூர்வம்.

போடலாம். நம்முடைய உரோமன்-டச்சுச் சட்டத்தில் உடலுக்கும் மானத்துக்கும் இழைத்த தீங்குக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க வழியுண்டு. குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். பயிற்றுவிப்பாளரை வேலைக்கு வைத்த கழகத்தையும் எதிராளியாகச் சேர்க்கலாம். முட்டுக்கட்டை காலம்தான். 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்குக்குத் தரும் அவகாசம் இரண்டே ஆண்டு. சிறுபராயத்தினருக்கு 18 வயது நிறைந்த பிறகே கணக்கு தொடங்கும். அதாவது இருபதாவது பிறந்தநாளோடு கதவு மூடிவிடும்.

அந்த வயதில் யார் வாய் திறப்பார்கள்? கலிபோர்னியாவின் பிளின்ட்ரிட்ஜ் குதிரையேற்றக் கழகத்தில் பெரும் பெயர் பெற்ற பயிற்றுநர் ஜிம்மி வில்லியம்ஸ் 1993இல் இறந்தார். சிறுவயதில் அவரால் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதாக, ஒலிம்பிக்கில் இரண்டு முறை வெள்ளி வென்ற ஆன் கர்சின்ஸ்கி 2018இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். பதக்கமும் புகழும் இருந்தவருக்கே அத்தனை காலம் பிடித்தது. கலிபோர்னியா அதை உணர்ந்தது: 2020 முதல் 40 வயது வரை வழக்குப் போடலாம் என்று சட்டத்தைத் திருத்தியது, காலாவதியான வழக்குகளுக்கும் மூன்று ஆண்டு கதவைத் திறந்துவைத்தது. பணம் கொடுக்க நேர்ந்தால்தான் நிறுவனங்களுக்குச் சுரணை வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளைத் துஷ்பிரயோகம் செய்த மருத்துவர் லாரி நாசரின் விவகாரத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2018இல் ஒத்துக்கொண்ட தொகை 50 கோடி டொலர்.

இனி இங்கே வருவோம். எல்கடுவ தோட்டத்து லயத்திலிருந்து விடியுமுன் பயிற்சிக்கு இறங்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு ஜோடி ஸ்பைக்ஸ், அதுவும் 'சேர்' வாங்கிக் கொடுத்தது. மாகாணப் போட்டிக்குப் பெயர் போவது அவர் கையெழுத்தில். வீட்டில் சொன்னால் ஓட்டம் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே சொல்லமாட்டாள்.

பயிற்றுவிப்பாளர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியராக இருந்தால் இன்னொரு வழி, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அங்கே அரசாங்கத்தையே நட்டஈடு கட்டவைக்கலாம். ஆனால் அவகாசம் ஒரே மாதம்! அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்தச் சிறு வசதி பல பெற்றோருக்குத் தெரியாது.

குற்றவியல் பக்கமும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய, தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆ பிரிவில் குற்றவாளியாகக் காணப்படுபவர் சிறையோடு நட்டஈடும் கொடுக்கவேண்டும். 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. அணியில் இடம் தருகிறேன் என்று பேரம் பேசும் அதிகாரிகளுக்கு அது பொருந்தும்.

இத்தனை இருந்தும் சிவில் வழக்கின் அந்த இரண்டு ஆண்டு அப்படியே கிடக்கிறது. சிறுவயதில் நடந்த பாலியல் துஷ்பிரயோகத்துக்காவது அதை நீக்கவோ நீட்டவோ பாராளுமன்றம் ஒரு பிரிவைத் திருத்தினால் போதும். புதுச் சட்டம்கூட வேண்டாம். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது, பிள்ளை சொன்னதைத் திகதியோடு எழுதிவைத்து உடனே புறப்படுவது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.